பழுதான ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினத்திலிருந்து கேட்டவரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 8 வருடமான இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ். மேல் அறையில் ஐஸ் உறைகிறது. கீழ் அறையில் வைத்த தோசை மாவு ஒரே நாளில் பொங்கிப் புளித்துவிடுகிறது. வந்து பார்த்த ஒருவர் கேஸ் லீக் என்று 4,500 ரூபாய் கேட்டிருக்கிறார். அடுத்து வந்தவர் கம்ப்ரசர் போய்விட்டது, புதிது வாங்கிவிடுங்கள் என்றிருக்கிறார். அதோடு 7 வருடமான ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் துணி பிழியும்போது காது கிழிய இரைகிறது. புது விலையில் பாதிக்கு மேல் செலவு வந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்கிறார்களே, அது சரியா என்பது கடைசிக் கேள்வி.

சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்று கேட்டிருந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது இரண்டு மெக்கானிக்கில் யாரை நம்புவது என்பதைத்தான். அதற்குப் பதில் கிடைக்காமல் விலைக் கணக்குக்குள் போவதில் பயனில்லை. எந்தப் பாகம் போயிருக்கிறது என்று தெரியாமல் போடும் கணக்கு எப்படிப் போட்டாலும் தப்பாகத்தான் வரும். 400 ரூபாய் சென்சாருக்காக 30,000 ரூபாய் ஃபிரிட்ஜ் வாங்குபவர்கள் நிறையப் பேர். அதேபோல, ஃபிரிட்ஜின் சுவருக்குள் துருப்பிடித்த குழாய்க்கு வருடத்துக்கு இரண்டு முறை கேஸ் ஏற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

முதலில் ஃபிரிட்ஜ். மேலே ஐஸ் கட்டியாக உறைந்து, கீழே மட்டும் குளிர் வரவில்லை என்றால் கேஸ் சுற்றில் குறை இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. இந்த வகை ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் குளிரூட்டும் காயில் ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே உண்டாகும் குளிரை ஒரு சின்ன ஃபேன் கீழே தள்ளுகிறது. மேலே குளிர் இருக்கிறது என்றால் கம்ப்ரசர் வேலை செய்கிறது, கேஸும் இருக்கிறது. கீழே காற்று இறங்கவில்லை, அவ்வளவுதான். காற்று இறங்காததற்கு மிகச் சாதாரணமான காரணம், காயிலைச் சுற்றி பனி பாறையாகக் கட்டி வழியை அடைத்துக்கொள்வது. கேஸ் மெல்ல மெல்லக் கசியத் தொடங்கும் ஆரம்ப நாட்களிலும் கீழ் அறைதான் முதலில் சூடாகும், அதையும் மறுக்க முடியாது. ஆனால் அப்போது மேலேயும் ஐஸ்கிரீம் இளகும், ஐஸ் தட்டு உறைய முன்பைவிட நேரம் பிடிக்கும். உங்கள் வீட்டில் ஐஸ் நன்றாக உறைகிறது என்பதால் கேஸ் பக்கம் சந்தேகம் குறைகிறது. கம்ப்ரசர் போய்விட்டது என்ற பேச்சுக்கோ இடமே இல்லை. போன கம்ப்ரசர் ஐஸ் உறைய வைக்காது.

இதை நீங்களே காசில்லாமல் சோதிக்கலாம். உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்து அக்கம்பக்கத்தில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்தபடி முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். அடியில் துணி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறைய வரும். சீக்கிரம் உருகட்டும் என்று கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ பனியைக் குத்த வேண்டாம். அலுமினியக் காயிலில் ஓட்டை விழுந்தால் அன்றைக்கே உண்மையான கேஸ் லீக் வந்துவிடும். மறுநாள் போட்டுப் பாருங்கள். கீழ் அறை பழையபடி குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாள் நன்றாக ஓடி, பிறகு மறுபடியும் சூடாகத் தொடங்கினால் குறை டீஃப்ராஸ்டில், அதாவது காயிலில் படியும் பனியைத் தானாக உருக்கும் அமைப்பில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். 24 மணி நேரம் உருக்கியும் கீழே குளிர் வரவே இல்லை என்றால் ஃபேன், அல்லது காற்று வழியைத் திறந்து மூடும் டாம்பர். ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க, கதவைத் திறந்து கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காது கொடுங்கள். கதவு திறந்தால் ஃபேன் நிற்கும்படிதான் பல மாடல்களில் அமைத்திருப்பார்கள்.

மெக்கானிக் வந்தால் ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றி, காயிலை உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். உருக்குவதற்கு முன்னால், குறை இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். காயில் முழுக்க வெள்ளைப் பாறையாக மூடியிருந்தால் டீஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை. நுழைவுப் பக்கத்தில் ஒன்றிரண்டு சுற்றில் மட்டும் பனி படிந்து மற்றச் சுற்றுகள் உலர்ந்து கிடந்தால் கேஸ் குறைந்திருக்கிறது. எங்கும் பனியே இல்லாமல் கம்ப்ரசர் மட்டும் கொதித்துக்கொண்டு ஓடினால் கேஸ் அறவே இல்லை, அல்லது கம்ப்ரசரின் வால்வு போய்விட்டது. காயில் முழுவதும் மெல்லிய, சீரான பனி இருந்து ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபேன் மோட்டார். பத்து ஸ்க்ரூ கழற்றினால் தெரிந்துவிடும் விஷயம் இது. பலகையைத் திறக்காமல் வெளியிலிருந்தே கேஸ் லீக் என்று சொல்பவர் சோதித்துச் சொல்லவில்லை, ஊகித்துச் சொல்கிறார்.

டீஃப்ராஸ்ட் என்றால் அதில் சம்பந்தப்பட்டவை நான்கே பொருள். காயிலுக்குக் கீழே இருக்கும் ஹீட்டர், குளிர்ந்தால் இணைப்புக் கொடுத்து சூடேறினால் துண்டிக்கும் பைமெட்டல் அல்லது சென்சார், அளவுக்கு மீறிச் சூடானால் உருகும் தெர்மல் ஃப்யூஸ், இவற்றை நேரத்துக்கு நேரம் இயக்கும் டைமர் அல்லது போர்டு. கம்ப்ரசர் 8 முதல் 12 மணி நேரம் ஓடியதும் ஹீட்டர் அரை மணி நேரம் போல எரிந்து பனியை உருக்க வேண்டும். உருகிய தண்ணீர் ஒரு துளை வழியாகக் கம்ப்ரசர் மேல் உள்ள தட்டுக்குப் போகும். ஹீட்டரை மல்டிமீட்டரில் பார்த்தால், 150 முதல் 200 வாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ 260 முதல் 350 ஓம் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பைமெட்டலை அறைச் சூட்டில் சோதித்துவிட்டுக் கெட்டுவிட்டது என்று சொல்வது வழக்கமான தவறு. அது குளிரில்தான் இணைப்புக் கொடுக்கும், ஐஸில் புதைத்து வைத்துச் சோதிக்க வேண்டும். தெர்மல் ஃப்யூஸ் போயிருந்தால் அதை மட்டும் மாற்றுவது போதாது. பைமெட்டல் துண்டிக்காமல் ஒட்டிக்கொண்டதால்தான் பெரும்பாலும் ஃப்யூஸ் உருகியிருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஃப்யூஸை நீக்கி ஒயரை நேரடியாக முறுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள், அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் ஃபோமும் சூழ்ந்த இடத்தில் அடங்காமல் எரியும் ஹீட்டர் தீயில் போய் முடியும். பாகமும் கூலியும் சேர்ந்து பொதுவாக 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் அடங்கும் வேலை இது. போர்டு போயிருந்தால்தான் கூடும். 8 வருட ஃபிரிட்ஜுக்கு இந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

ஒருவேளை உண்மையிலேயே கேஸ் லீக் என்றால், எங்கே லீக் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கம்ப்ரசர் பக்கத்தில் உள்ள செப்புக் குழாய் இணைப்பில் என்றால் நல்ல செய்தி, பற்றவைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஃப்ரீசர் காயிலில் அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் என்றால் காயிலையே மாற்ற வேண்டும். உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் செய்யலாம். கெட்ட செய்தி, பக்கச் சுவருக்குள்ளோ கதவுச் சட்டத்தைச் சுற்றியோ ஓடும் குழாய். அது பெரும்பாலும் இரும்பு; ஃபோமுக்குள் புதைந்திருக்கிறது; கடற்கரை வீட்டில் ஈரமும் உப்பும் புகுந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. அதைத் தவிர்த்துவிட்டு முதுகுப்புறம், சூட்டை வெளியேற்றும் தனி கண்டென்சர் மாட்டலாம். மாட்டினால் ஓடும். ஆனால் கதவுச் சட்டத்துக் குழாயை நீக்கிவிட்டால், ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் அந்தச் சட்டத்தில் தண்ணீர் முத்து முத்தாகப் பூக்கும், துரு இன்னும் வேகமாக ஏறும். 8 வருடம் ஓடி, கீழ்த்தகடும் அரித்துவிட்ட ஃபிரிட்ஜில் இந்த வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தகடு சுத்தமாக இருந்தால் யோசிக்கலாம்.

லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது பணத்தைக் காற்றில் விடுவதுதான். முறையான வேலை என்றால் நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்து, அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று சில மணி நேரமாவது விட்டுப் பார்ப்பார்கள். ஓட்டையை அடைத்த பின் ஃபில்டரைப் புதிதாக மாற்றி, வேக்குவம் பம்பால் குறைந்தது அரை மணி நேரம் இழுத்து, எடை பார்த்துக் கேஸ் ஏற்றுவார்கள். எடை பார்ப்பது சம்பிரதாயம் அல்ல. இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ என்ற கேஸ். மொத்தமே ஐம்பது கிராம் அளவில்தான் இருக்கும், 10 கிராம் மாறினாலே குளிர் கெடும். இது தீப்பற்றும் வாயு. சமையல் கேஸின் இனம், ஆனால் வாசனை சேர்க்காதது, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. சமையலறைக்குள் அடுப்பு எரியும்போது, ஜன்னலை மூடிக்கொண்டு இந்தக் குழாயை அறுக்க விடக் கூடாது. ஃபிரிட்ஜின் பின்பக்கமோ உள்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் கிராமும் அச்சிட்டிருக்கும். அதில் ஆர்134ஏ என்றிருந்தால் அதையேதான் ஏற்ற வேண்டும். விலை மலிவு என்று பழைய ஆர்134ஏ ஃபிரிட்ஜில் தீப்பற்றும் கேஸை ஏற்றுவது ஆபத்து. அதன் ஸ்விட்சும் தெர்மோஸ்டாட்டும் அந்தக் கேஸுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

கம்ப்ரசரைப் பற்றி ஒரு வார்த்தை. சில நிமிடத்துக்கு ஒரு முறை டிக் என்று சத்தம் வந்து, ஒரு முனகலோடு நின்றுவிட்டால் உடனே கம்ப்ரசரைக் குற்றம் சொல்லாதீர்கள். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலேயும், அது மிகச் சூடானால் துண்டிக்கும் ஓவர்லோடும் சில நூறு ரூபாய் சாமான். முதலில் அவற்றை மாற்றிப் பார்க்க வேண்டும். வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கினாலும் இதே சத்தம் வரும். வேகத்தை மாற்றி மாற்றி ஓடும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்றால் அதை ஓட்டுவது போர்டு. அதற்கு நேரடியாக 230 வோல்ட் கொடுத்துப் பார்க்கிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். 10 வருட கம்ப்ரசர் வாரண்டி என்று அட்டையில் இருந்தாலும், வழக்கமாக அது அந்த இரும்பு உருண்டைக்கு மட்டும்தான். கேஸ், ஃபில்டர், கூலி, போர்டு எல்லாம் உங்கள் தலையில். ஆனாலும் அட்டையை எடுத்துப் பாருங்கள்; உங்களுடையது 8 வருடம்தான், வாரண்டி இன்னும் உயிரோடு இருக்கலாம்.

அடுத்து வாஷிங் மெஷின். பிழியும்போது மட்டும் இரைச்சல் வந்து, துவைக்கும்போது அடங்கியிருந்தால் அநேகமாகப் பேரிங். மெஷினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து, உள் டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நிற்கும் வெளி டப்போடு சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் சரி. டிரம் மட்டும் தனியாக லொடக் என்று அசைந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கையால் சுற்றும்போது கரகரப்பு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்கும்போது புல்லியைச் சுற்றிப் பழுப்பாகத் தண்ணீர் வழிந்த தடம் இருந்தால், பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் ஆயில் சீல் முதலில் போய், அதன் வழியே தண்ணீர் இறங்கிப் பேரிங்கை அரித்திருக்கிறது. சீல் மாற்றாமல் பேரிங் மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி வரும்.

இங்கே செலவைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம். ஒன்று, வெளி டப் திறக்கக்கூடியதா என்பது. டப்பின் நடுவில் ஓடும் இணைப்பில் வரிசையாக ஸ்க்ரூ இருந்தால் பிரிக்கலாம். ஸ்க்ரூவே இல்லாமல் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தால், கம்பெனிக்காரர் டப்பை முழுதாகத்தான் மாற்றுவார், விலை எகிறும். வெளி மெக்கானிக்குகள் அதை அறுத்து, பேரிங் போட்டு, சிலிக்கான் வைத்து போல்ட் போடுவார்கள். கைதேர்ந்தவர் செய்தால் நிற்கும், இல்லாவிட்டால் ஒழுகும். ஆளைப் பொறுத்த விஷயம். இரண்டாவது, டிரம்மின் முதுகில் இருக்கும் மூன்று கை ஸ்பைடர். டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஸ்பைடர் அலுமினியக் கலவை. இரண்டு உலோகம் சேர்ந்து, இடையே உப்புத் தண்ணீரும் சோப்பும் தங்கினால் அலுமினியம் மாவாக உதிரும். கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் தெருக்களில் இது விரைவாக வரும். பேரிங் மாற்றத் திறக்கும்போதே ஸ்பைடரைக் காட்டச் சொல்லுங்கள். கைகளில் வெள்ளையாகப் பொரிந்து குழி விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும், அப்போது கணக்கு வேறு. டப் திறக்கக்கூடியது, ஸ்பைடர் நல்லது, பேரிங்கும் சீலும் மட்டும் என்றால் 3,000 முதல் 4,500 ரூபாய் கொடுத்துச் செய்யலாம். டப்பும் ஸ்பைடரும் சேர்ந்து போய்விட்டால் விட்டுவிடுங்கள். எதுவானாலும் இப்போதைக்கு அதை ஓட்டாதீர்கள். தேய்ந்த பேரிங்கோடு ஓட்டினால் ஷாஃப்ட் தேயும், ஷாஃப்ட் தேய்ந்தால் மாற்றக்கூடியதும் மாற்ற முடியாததாகிவிடும்.

இப்போது அந்தப் பாதி விலை விதி. அது வயதைப் பார்க்கிறதே இல்லை, எந்தப் பாகம் என்றும் கேட்பதில்லை. அதைவிட வருடக் கணக்கு உதவும். புது ஃபிரிட்ஜ் 28,000 ரூபாய், உங்கள் கடற்காற்றில் 10 வருடம் ஓடும் என்று வைத்தால் வருடத்துக்கு 2,800. ஆக 4,500 ரூபாய் செலவழித்தால் குறைந்தது 19, 20 மாதமாவது அது ஓட வேண்டும். செப்பு இணைப்பில் அடைத்த லீக் அதற்கு மேலேயே ஓடும்; சுவருக்குள் லீக் இருந்து சும்மா கேஸ் ஏற்றினால் 3 மாதம்கூட நிற்காமல் போகலாம். தொகை ஒன்றேதான், ஒன்று லாபம், மற்றது முழு நட்டம். அதனால் செலவு எவ்வளவு என்று கேட்பதோடு, எத்தனை மாதம் கேரண்டி, அதைப் பில்லில் எழுதித் தருவீர்களா என்றும் கேளுங்கள்.

அந்த வருடக் கணக்கில் கடல் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் போன்ற கடலோர இடங்களில் ஓடும் சாமான், கடலை விட்டுத் தள்ளியுள்ள லாஸ்பேட்டையிலோ நெல்லிக்குப்பத்திலோ ஓடும் அளவு ஓடாது. முடிவெடுக்கும் முன் மெஷினைச் சாய்த்து அடியைப் பாருங்கள். மேலே பெயிண்ட் உரிந்து துரு தெரிவது அழகுக்குறை மட்டும்தான். கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும் குறுக்குப் பட்டை, வாஷிங் மெஷினில் ஷாக் அப்சார்பர் பிடித்திருக்கும் இடம், ஏசி வெளி யூனிட்டின் கால்கள் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அந்தச் சாமானில் 500 ரூபாய்க்கு மேல் போடாதீர்கள். ஏசியில் வெளிக் காயிலின் அலுமினியத் தகடு விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது என்றால், எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் குளிராது. காயில் செம்பு என்றால் லீக்கைப் பற்றவைக்கலாம், அலுமினியக் காயிலில் அந்த வேலை நம்பகமாக நிற்பதில்லை. ஆர்22 கேஸில் ஓடும் பழைய ஏசிக்குக் காயிலோ கம்ப்ரசரோ மாற்றாதீர்கள். 2030க்குள் அந்த வகைக் கேஸை நாடு கைவிடுகிறது.

கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லிப் புது ஃபிரிட்ஜ் விற்பவர்களை ஒரு கணக்கால் நிறுத்தலாம். பழையது வருடத்துக்கு 400 யூனிட், புதியது 200 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 200 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றாலும் 1,200. 28,000 ரூபாய் திரும்பி வர 23 வருடம் ஆகும். கரண்டுக்காக மட்டும் ஃபிரிட்ஜ் மாற்றுவது வீண். ஆனால் சீலிங் ஃபேனில் கணக்கு தலைகீழ். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட் படிகளின் கட்டணமும் ஏறும். 500க்குப் பக்கத்தில் நிற்கும் வீட்டில் நான்கு ஃபேனை மாற்றினாலே படி இறங்கிவிடலாம். ஆகவே பழைய ஃபேன் காயில் எரிந்தால் ரீவைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். வேகம் குறைந்தால் மட்டும் கெப்பாசிட்டர் மாற்றுங்கள், ஐம்பது அறுபது ரூபாய் வேலை. புதுச்சேரியில் மாதக் கணக்கு, படிகள் வேறு. உங்கள் பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலை என்று பார்த்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

போர்டு போய்விட்டது என்று சொல்லப்படும் வழக்குகளை நான் தனியாகப் பார்ப்பேன், ஏனென்றால் தேவையில்லாமல் அதிகம் தூக்கிப் போடப்படுவது அவைதான். வோல்டேஜ் எகிறும்போது போர்டின் நுழைவில் இருக்கும் ஃப்யூஸும், அதிக வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் பட்டன் போன்ற எம்ஓவி என்ற பாகமும் தம்மைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றும்படி அமைக்கப்பட்டவை. அவற்றை மாற்றினால் பல போர்டுகள் உயிர்பெறும். உப்புக் காற்றில் செம்புத் தடங்கள் பச்சையாகப் பூத்திருந்தால், சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்து, மேலே பாதுகாப்பு லேக்கர் அடித்துத் தருபவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கிறார்கள். கம்பெனி போர்டின் விலையில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்குக்கு முடிந்துவிடும். புயலுக்குப் பிறகு கரண்ட் திரும்பும் நேரம்தான் போர்டுகளுக்குக் கெட்ட நேரம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். கம்பம் சாய்ந்து நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரக்கூடும். சில விளக்கு பளீரென்றும் சில மங்கலாகவும் எரிந்தால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓடும் என்று ஃபிரிட்ஜில் எழுதியிருப்பது இதற்குப் பொருந்தாது. மீட்டர் பக்கத்தில் ஓவர், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்று பொருத்திவிட்டால் வீட்டுக்கே காவல்.

வெள்ளத்தில் நனைந்த சாமானுக்குப் பழுதின் பெயர் முக்கியமில்லை, போட்டுப் பார்த்துவிடுவதுதான் அதைக் கொல்கிறது. நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, ஒரு வாரம் காற்றாடக் காயவைத்து, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியில் இன்சுலேஷன் 1 மெகாஓமுக்கு மேல் காட்டினால்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். கம்ப்ரசர் மூடி அடைத்த உருண்டை, உள்ளே தண்ணீர் போகாது. ரிலேயும் ஒயரும் போர்டும்தான் நனையும். அதனால் நனைந்த ஃபிரிட்ஜ் பெரும்பாலும் பிழைக்கும். கடல் நீரோ சாக்கடையோ டப் மட்டத்துக்கு மேல் ஏறிய ஃப்ரண்ட் லோடு பிழைப்பது அரிது.

மற்றவை சுருக்கமாக. மிக்சியில் கார்பன் பிரஷ், கப்ளர், ஜாரின் புஷ் என்றால் எப்போதும் சரிசெய்யலாம். ஆர்மேச்சர் எரிந்து கருகல் வாடை வந்தால் 5 வருடத்துக்கு மேலானதை விட்டுவிடலாம். கிரைண்டரை விடவே வேண்டாம், பெல்ட்டும் கெப்பாசிட்டரும் தவிர அதில் கெட்டுப்போக அதிகமில்லை. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினுக்கும் அப்படியே, திருப்பாதிரிப்புலியூர் கடைகளிலேயே அதன் பாகங்கள் கிடைக்கும். கீசரில் காயில், தெர்மோஸ்டாட் என்றால் மாற்றுங்கள், டேங்க் ஒழுகினால் மாற்றாதீர்கள். மைக்ரோவேவைத் திறந்து பார்க்கும் வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கக்கூடும். டிவியில் சத்தம் வந்து படம் வராவிட்டால், இருட்டில் திரை மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் மட்டும்தான், செய்யலாம். பேனல் உடைந்தால் முடிந்தது.

நேரில் பார்க்காமல் எழுதுவதால், டீஃப்ராஸ்ட் என்ற என் கணிப்பு நீங்கள் சொன்ன அறிகுறியை மட்டுமே நம்பி நிற்கிறது. 24 மணி நேரச் சோதனை வேறு எதையாவது காட்டினால் அதைத்தான் நம்ப வேண்டும். உங்கள் மாடலில் இரண்டு அறைக்கும் தனித்தனிக் காயில் இருந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது, மாடல் எண்ணை எழுதினால் அதைச் சொல்லிவிடலாம். கம்பெனி சர்வீஸுக்குப் பணம் கட்டியும் வேலை நடக்கவில்லை என்றால், ஜாப் ஷீட் எண்ணோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் சொல்லலாம். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கி வைத்திருங்கள், புகாரில் அதுதான் பேசும்.

கடைசியில் ஃபிரிட்ஜை விட்டுவிடுவது என்றே முடிவானால், எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும் நல்லது, பதிவு பெற்ற மின்கழிவு மையத்துக்கு அனுப்புவதும் நல்லது. காயலான் கடைக்காரர் வாசலிலேயே குழாயை அறுக்க முயன்றால் தடுங்கள், ஆர்600ஏ என்றால் ஒரு பீடி நெருப்பு போதும். வண்டி வரும்வரை வெளியே வைப்பதானால் இரண்டு கதவையும் கீல் கழற்றி எடுத்துவிட்டு வையுங்கள். தெருப் பிள்ளைகள் ஒளிந்து விளையாட உள்ளே ஏறினால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது.